வெள்ளையடித்த வெடிப்பு

1955 ஏப்ரல் 3

தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்புறத்தில் எங்கள் பணிய லயத்தைக் கட்டியவர்கள் திருடர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்து வைக்க வேண்டிய இடத்தில் வெறும் சேற்றை அப்பி, மேலே மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசி, தோட்டத்துக்குக் கணக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று விளக்கு மாட்டுவதற்கு ஓர் ஆணி அடித்தேன். இரண்டாவது தட்டிலேயே தலைவரைக்கும் உள்ளே போய்விட்டது. பிடுங்கினால் துவாரத்திலிருந்து மண் ஒழுகுகிறது, மாவுப் பையில் எலி கடித்த மாதிரி.

“அத ஏன்டா நோண்டிக்கிட்டிருக்க? நாப்பது வருசமா நிக்கிது. நீ வந்து ஆணி அடிப்பேன்னுதான் காத்துக்கிட்டிருந்துச்சா?” என்றாள் அக்கா.

நாகலெட்சுமி அக்காவுக்கு எதையும் நோண்டக் கூடாது. வயிற்றில் ஏழு மாதம். அந்தச் சுவரோரமாகத்தான் பாய் போட்டுப் படுக்கிறாள். ஒரே கூரைக்கடியில் வரிசையாக நிற்கும் லயத்து அறைகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அக்காவும் வீரய்யா மச்சானும் உள்ளே, நான் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற கான், அதைத் தாண்டினால் தேயிலை.

மாலையில் பனி வாசல் வழியாக உள்ளே வந்தது. அடுப்படி வரைக்கும் போய்ப் பார்த்தது. அப்பால் போக வழியில்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்த வாசலாலேயே திரும்பிப் போனது. லயத்துக் காம்பராவுக்குப் பின்வாசல் கிடையாது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஏப்ரல் 11

இன்றும் மழை இல்லை. சிவனொளிபாத மலையின் யாத்திரை விளக்குச் சரம் மட்டும் பனிக்குள் தொங்குகிறது. அடியில் மலை இருப்பதாகவே தெரியவில்லை. ஹட்டனில் எட்டாம் வகுப்பு வரை இங்கிலீசு படித்துவிட்டு, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரின் மாடியில் கொழுந்து உலர்த்துகிறேன். எனக்கு அடியிலும் ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 17, ஞாயிறு

ஸ்டோர் மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். லயத்துக் கூரை போய்விட்டது.

மத்தியானம் சத்தமே இல்லை. காகங்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தன. கீழே சிங்களக் கிராமத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கயிறு நின்றது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். புகை மேலே போகும். இது நடந்து வந்தது. அவசரமே இல்லாமல், எந்தப் பக்கம் போவது என்று யோசித்து யோசித்து வந்தது. கிட்டே வர வர அதற்குள் பச்சை தெரிந்தது. இலை, கிளை, முழு மரம். அழகாகத்தான் இருந்தது. அதை எழுதாவிட்டால் பொய்.

பிறகு ஸ்டோரின் எல்லா ரோதைச் சக்கரமும் ஒன்றாக ஓடுகிற சத்தம். அக்காவை இழுத்துக்கொண்டு போய்க் கானுக்குள் ஒடுங்கிப் படுத்தோம். தலையைத் தூக்கிப் பார்த்தேன். தகரங்கள் ஒவ்வொன்றாக எழும்பின, கோழி செட்டையை விரிக்கிற மாதிரி. எழும்பி, மிதந்து, திரும்பிப் பார்த்துவிட்டுப் போயின. அவற்றுக்குப் பின்னால் ஒரு சிவப்புச் சேலை, இரண்டு பக்கமும் கைநீட்டினது போல விரிந்து, வானத்தில் நடந்து போயிற்று.

என் பக்கத்தில் கிடந்த ராக்காயி அத்தை கத்தினார்: “ஏ, எஞ் சேல! எஞ் சேல போகுதுடா!”

“அத்த, நீங்க அதுக்குள்ள இல்லாம இருக்கீங்களே, அதுவே பெரிசு.”

“தீவாளிச் சேலடா சண்டாளா!”

அவ்வளவுதான். போய்விட்டது. எங்கள் லயத்தில் யாரும் சாகவில்லை. செல்லசாமியின் இரண்டு ஆடுகளைக் காணோம். எங்கள் கடைசிச் சுவர் கூரையிலிருந்து தரை வரைக்கும் வெடித்திருக்கிறது. கை நுழைகிறது. அதன் வழியாகச் சாய்ந்த வெயில் வந்து, சுவர் நிழலில் கிடந்த பாய்மேல் ஒரு கோடாக விழுந்திருந்தது. நான் பிறந்த நாளிலிருந்து அந்தக் காம்பராவுக்குள் அந்தப் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்ததில்லை.

ஏப்ரல் 18

லயத்துச் சனம் முழுவதும் ஸ்டோர் மாடியில், கொழுந்து பரப்புகிற சாக்குத் தட்டுகளில் படுத்திருக்கிறது. பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குத் தட்டுகளில். வாடிய கொழுந்தின் வாசம் எல்லார் தலைமயிரிலும் ஏறிவிட்டது. மழை விழுந்து கொழுந்து வரும் வரைக்கும் இருக்கலாமாம். கொழுந்து வந்தால் அதுதான் படுக்கும்.

மாடிச் சன்னலிலிருந்து பார்த்தால் காற்று போன வழி தெரிகிறது. மலையின் தலையில் யாரோ சீப்பால் வகிடு எடுத்த மாதிரி. வகிட்டின் இரண்டு பக்கமும் தேயிலை ஒன்றும் நடக்காதது போல இருக்கிறது. அதன் மேலே எங்கள் தகரங்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம். மலை முழுக்கச் சின்னச் சின்னக் குளம்.

வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் தோட்டத்துத் துரை இட்ட முதல் வேலை, அந்தத் தகரங்களைப் பொறுக்குவது. கூரைக்காக இல்லை. தேயிலை நசுங்குகிறதாம்.

ஏப்ரல் 21

பெரிய கிளாக்கர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து மனிதர், எங்களைப் பார்த்துப் பேசும்போது சுவரைப் பார்ப்பார்.

“திங்கக்கிழமை கொழும்பிலயிருந்து கம்பெனி ஆள் ஒருத்தர் சேதம் பாக்க வாறார். நீ இங்கிலிஷ் படிச்சனியெல்லே. அளக்க டேப் பிடிக்க நீ போ. ஆனா வாய் திறக்கப்படாது, விளங்கிச்சுதோ?”

விளங்கியது. தோட்டத்துத் தேயிலைக்கும் கட்டடங்களுக்கும் காப்புறுதி செய்த கம்பெனி. அந்த ஆள் ‘பணிய லயம் சேதம்’ என்று எழுதினால் கம்பெனி பணம் தரும். லயத்தை இடித்துச் சீமெந்தில் கட்டுவார்கள். எழுதாவிட்டால் பொறுக்கிய தகரத்தை மேலே போட்டு நாலு ஆணி அடிப்பார்கள். வைகாசிக் கடைசியில் பெரிய மழை. ஆனியில் அக்காவுக்குப் பிள்ளை. சேற்றுச் சுவரில் ஈரம் ஏறினால் என்ன ஆகும் என்பது இங்கிலீசு படிக்காமலே எனக்குத் தெரியும்.

அந்த ஆள் பார்த்தால் போதும். வெடிப்புத்தான் வாய் திறந்து கிடக்கிறதே, நான் ஏன் திறக்க வேண்டும்?

ஏப்ரல் 23

மழை. கொழுந்து வந்துவிட்டது. எல்லாரும் லயத்துக்கு இறங்கினோம். மேலே நாங்களே பொறுக்கி அடுக்கிய ஓட்டைத் தகரம், பக்கத்தில் வெடித்த சுவர். வெடிப்பில் ஒரு சாக்கைத் திணித்திருக்கிறோம்.

ஏப்ரல் 25

தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கிலிருந்து எழுதுகிறேன், இரவு இங்கேதான். கொழும்பு ஐயாவோடு நாள் முழுவதும் நடந்தேன். சிங்களவர், மெலிந்த மனிதர், முழங்கால் வரை சப்பாத்து. கெட்டவராக இருப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி இல்லாதது எரிச்சலாக இருந்தது.

பனிக்குள் நடந்தோம். விழுந்த மரம் ஒவ்வொன்றும் திடீரென்று எதிரே வந்து படுத்துக் கிடந்தது. அவர் ஒவ்வொரு தேயிலைச் செடிக்கும் குனிந்தார். கிளையை விலக்கி, முறிந்த இடத்தை விரலால் தடவி, பட்டையைக் கீறிப் பார்த்து எழுதினார். எங்கள் ஆசுப்பத்திரியில் டாக்டர் இப்படி ஒரு மனிதரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

குறுக்கு வழியில் கிராமத்தைத் தாண்டினோம். பாதி வீட்டுக்குள் ஒரு பெண் சமைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சுவர் இல்லை, கூரை இல்லை. மிஞ்சிய சுவரில் ஒரு கலண்டர் ஆடிக்கொண்டிருந்தது. விழுந்த ஓடு ஒன்றைக்கூட அவள் நகர்த்தவில்லை. ஏன் என்று சிங்களத்தில் கேட்டேன். கிராமத் தலைவர் ஆரச்சி வந்து பார்க்கும் வரைக்கும் தொடக் கூடாதாம், தொட்டால் அரசாங்கத்தில் ஒன்றும் கிடைக்காதாம். சொல்லிவிட்டு, ‘உனக்கு இதுகூடத் தெரியாதா’ என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“நாளைக்கு உங்கள் லயம்” என்றார் கொழும்பு ஐயா இங்கிலீசில்.

“பார்த்தால் பயந்துவிடுவீர்கள் ஐயா” என்றேன். சிரித்தார். வாயைத் திறந்துவிட்டேன்.

ஏப்ரல் 26

என்ன எழுத? என்னத்தை எழுதுவது?

காலையில் கீழே இறங்கினோம். பனி நகர்ந்தது. எங்கள் லயம் வெள்ளை வெளேரென்று நின்றது.

கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். வேறு தோட்டத்துக்கு வந்துவிட்டோமோ? சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. வாசலுக்கு வாசல் சாணி மெழுகிக் கோலம். கான் கழுவி விட்டது போல. உடைந்த கல் இல்லை, முறுக்கிய தகரம் இல்லை, ஒரு குச்சி இல்லை. எல்லாரும் துவைத்த துணி உடுத்திக் காம்பராவுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார்கள். இராமையா கங்காணி கோட்டுப் போட்டிருக்கிறார்.

“லயமெல்லாம் சுத்தம் பண்ணியாச்சுங்கய்யா!”

நேற்றுக் காலைப் பெரட்டில் கங்காணி வழக்கம்போலச் சொல்லியிருக்கிறார்: ‘நாளைக்கு லயம் பாக்க வர்றாங்க.’ அவ்வளவுதான். லயம் பார்க்க எவனாவது வந்தால் அது ஒரே காரியத்துக்குத்தான் என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். அழுக்கு இருந்தால் ஏச்சு, பெரிய அழுக்கு என்றால் அரைநாள் கூலியோடு அரைப்பேர். பாக்க வர்றாங்க என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாகவே விளக்குமாற்றுக்குப் போகிறது. ஆபீசில் போய்ச் சுண்ணாம்பு கேட்டிருக்கிறார்கள். கேட்டவுடனே கிடைத்ததாம். வருசம் முழுக்கக் கேட்டாலும் வராத சுண்ணாம்பு!

கொழும்பு ஐயா எங்கள் வாசலில் நின்று, தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து அக்காவிடம் கேட்டார்: “இங்க... ஒடஞ்சது... என்னா?”

“ஒண்ணும் இல்லைங்கய்யா. எல்லாம் நல்லா இருக்குங்க.”

“அக்கா! செவத்தக் காட்டு!”

அவள் என்னை முறைத்தாள். நான் இங்கிலீசில் சொன்னேன்: இந்தப் பூச்சுக்குப் பின்னால் கூரையிலிருந்து தரை வரைக்கும் வெடிப்பு, காற்று செய்தது, உள்ளே வெறும் சேறு. அவர் உள்ளே வந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். கை வெள்ளையாகத் திரும்பியது. அக்கா வெட்கப்பட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினாள். அவர் கங்காணியைப் பார்த்தார்.

“சின்னப் பயங்கய்யா. அப்புடித்தான் எதையாவது பேசுவான்.”

லேஞ்சியில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரே வரி எழுதினார். தேயிலைக்குப் பக்கம் பக்கமாக எழுதிய மனிதர்.

ஏப்ரல் 27

“ஏன்க்கா மறச்ச?”

“மறைக்கலடா. பெரிய மனுசரு வர்றாரு. பொளந்த செவத்தோட நிக்கச் சொல்றியா?”

“அத பாக்கத்தானே வந்தாரு!”

“யாருடா கண்டா? போன வருசம் லயம் பாக்க வந்த சின்னத்துரை, சட்டியில கரி இருக்குன்னு கம்பால தட்டி விட்டாரு. அம்புட்டுச் சோறும் கான்ல. ஒனக்கு ஞாபகமில்ல. நீ ஸ்டோர்ல இருந்த. நான்தான் அள்ளுனேன்.”

சுவரருகே போய் நின்றேன். வெடிப்பில் கல்லை அடைத்து, செம்மண்ணும் சாணியும் குழைத்து, அந்த வயிற்றோடு ஏணியில் நின்று அவளே பூசியிருக்கிறாள். என்ன வழவழப்பு! வெடிப்பு எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை.

மே 4

கிளாக்கரிடம் கேட்டேன். மேற்கணக்குத் தேயிலை சேதம், நிழல் மரங்கள் சேதம், ஸ்டோர்ப் புகைபோக்கி சேதம். பணிய லயம் நல்ல நிலை.

“சுண்ணாம்பு ஏன் குடுத்தீங்க?”

“கேட்டவை. குடுத்தனான்.” சுவரைப் பார்த்தபடிதான்.

மே 14

மழை முந்தியே பிடித்துவிட்டது. சுவரின் அடியில் ஈரம் ஒரு நிழல்போல ஏறியிருக்கிறது. நேற்று என் முழங்காலளவு. இன்று பார்த்தால் படுத்திருக்கிற பசு மாடு மாதிரி ஓர் உருவம்.

“சுண்ணாம்பு இன்னும் காயல” என்கிறாள் அக்கா. சொல்லிக்கொண்டே பாயை ஒரு முழம் தள்ளிப் போடுகிறாள்.

மத்தியானம் ஸ்டோரில் கண்ணயர்ந்தபோது அந்தக் காற்று கனவில் வந்தது. சத்தமில்லாமல் மாடிப் படியேறி வந்து கொழுந்துத் தட்டில் படுத்துக்கொண்டது. உடம்பெல்லாம் இலை. நீதானே உடைத்தாய், வந்து சொல் என்றேன். நல்ல தூக்கத்தில் இருந்தது.

மே 20

ஈர மாடு எழுந்து நின்றுவிட்டது. சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. கங்காணியிடம் சொன்னேன். ஆபீசில் சொல் என்றார். ஆபீசில் சொன்னேன். லயம் நல்ல நிலையில் இருக்கிறதே என்கிறார்கள்.

மே 22, ஞாயிறு

இடித்துவிட்டேன்.

அக்காவை ராக்காயி அத்தை காம்பராவுக்கு அனுப்பினேன். இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு நின்றேன். வீரய்யா மச்சான் வாசல் பக்கக் கான் கட்டின் மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். தடுப்பார் என்று நினைத்தேன். புகையை விட்டுவிட்டுச் சொன்னார்:

“மொதல்ல கூரைக்கு முட்டுக் குடுறா அறிவு கெட்டவனே. படிச்சவன் செவரு இடிக்கிற லச்சணத்தப் பாரு.”

எழுந்து வந்து அவரே இரண்டு மரங்களை நிறுத்தினார். பிறகு மறுபடியும் போய் உட்கார்ந்தார். “மேலருந்து வா. அடியில குத்துனா ஒன் மேலதான் விழும்.”

நாலு குத்து. அதற்குமேல் தேவைப்படவில்லை. முழுச் சுவரும் பெருமூச்சு விட்டது போலத் தேயிலைப் பக்கம் சாய்ந்தது. கல்லுக்குக் கல் தனித்தனியாக, சேறு குழம்பாக. அடுத்த மழைக்கு உள்பக்கம் விழுந்திருக்கும், பாயின் மேல்.

காம்பரா திறந்து கிடந்தது. பனி நேராக உள்ளே வந்து, நேராக வெளியே போயிற்று. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“காத்து ஒரு தடவ வந்திச்சு. இவன் ஒரு காத்து” என்றார் ராக்காயி அத்தை. யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. விழுந்த பூச்சில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சுப் பக்கம் வெள்ளை, மறுபக்கம் அவள் விரல் பதிந்த மண்.

மே 24

பங்களா ஆபீசில் துரையின் விசாரணை.

“நீயா உடைத்தாய்?”

“முதலில் காற்று உடைத்தது. மிச்சத்தை நான் உடைத்தேன்.”

“லயம் நல்ல நிலையில் இருந்தது என்று காப்புறுதிக் கம்பெனியின் ஆள் எழுதியிருக்கிறார். நல்ல நிலையில் இருந்த சுவரை நீ உடைத்திருக்கிறாய்.”

துரை நிதானமாகப் பேசினார். கோபம்கூடப் படவில்லை. அந்தக் காற்றால் எங்கள் லயத்துக்கு ஒரு கீறலும் இல்லை. சேதம் எல்லாம் நான்தான். வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டு. மாதக் கடைசிக்குள் லயத்தை விட்டு வெளியேற வேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர் அழகுமுத்து சொன்னார்: “நீ ஒடச்சது உண்மதான தம்பி. ஒடைக்கலன்னு சொல்லிருந்தா நாங்க பேசலாம்.”

மே 30

மேசன்மார் வந்துவிட்டார்கள். அடுத்த கிழமை கொழும்பிலிருந்து தோட்டத்துச் சொந்தக்காரக் கம்பெனியின் பெரிய ஆட்கள் தோட்டம் சுற்ற வருகிறார்களாம். ரோட்டிலிருந்து பார்த்தால் எங்கள் காம்பரா பல் போன வாய் மாதிரித் தெரியும். அதனால் சீமெந்து. உண்மையான சீமெந்து. மேசன் பழைய சேற்றை அள்ளிக் கானில் போட்டுக்கொண்டே, அதை வைத்தவனின் தாயைத் திட்டினான். கேட்க நன்றாக இருந்தது.

பெட்டியைத் தூக்கும்போது அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “பொளக்காத செவத்துக்கு இவ்வளவு செலவழிக்கிறாங்க பாரு.”

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஜூன் 14

மஸ்கெலியா. சரிபுதீன் நானாவின் கடையில் மூட்டை இறக்குகிறேன், கடைக்குப் பின்னால் படுக்கை. இரவு பகலாக மழை. தெரு, பஸ், மனிதர், எல்லாம் தண்ணீருக்குள்ளே நடப்பது போல இருக்கிறது. மச்சான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். பெண் பிள்ளை. சுவர் அசையவில்லை.

“பேரு என்ன வைக்கப் போறீங்க?” என்றார் நானா.

“இவன் பேர வச்சா அதுவும் எதையாவது இடிக்கும்” என்றார் மச்சான். நானா அவருக்குச் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்துக் காசு வாங்கவில்லை.

ஜூன் 18

வேலை விட்டதற்கான பத்துச்சீட்டு வாங்கத் தோட்டத்துக்குப் போனேன். அது இல்லாமல் வேறு எந்தத் தோட்டத்திலும் பேர் பதிய மாட்டார்கள். கிளாக்கர் ஆபீஸ் சன்னல் வழியாக நீட்டினார். காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: நல்ல நிலையில் இருந்த லயத்துச் சுவரை வேண்டுமென்று உடைத்தவன். இதைக் கொண்டுபோனால் எந்தக் கங்காணி என்னைச் சேர்ப்பான்? ஆனாலும் என்னைப் பற்றியதை நான் கேட்கவில்லை. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதட்டும்.

“ஐயா, இதுல காத்த எழுதல.”

“என்ன காத்து?”

“ஏப்ரல் பதினேழாந் தேதி வந்த காத்து. அது பணிய லயத்து வழியா வந்திச்சுன்னு எழுதுங்க. ஒரு வரி. நான் ஒடச்சதையும் எழுதுங்க, வேணாங்கல.”

அவர் சுவரைப் பார்த்தார். புதிய சுவர் ஒன்றுமில்லை, ஆபீசுச் சுவர்தான். பேனாவை மூடினார். சாரல் உள்ளே அடிக்கிறது என்று சொல்லிச் சன்னல் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே டைப் அடிக்கிற சத்தம் தொடங்கியது.

கண்ணாடியில் மழை வழிந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவர் தலை மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. நான் நனைந்துகொண்டே கண்ணாடியில் தட்டித் தட்டிச் சொன்னேன்:

“எழுதுங்க ஐயா. காத்து வந்திச்சுன்னு எழுதுங்க.”